ஐந்தாம் இயலில் ஒரு பாட்டு டீச்சர்

தமிழ்நாட்டில் இசைக்கல்வி ஆராய்ச்சி அமோகமாக நடக்கிறது. இசைக்கல்விதான் நடப்பதில்லை. இதை ஒரு குறையாகப் பல்கலைக்கழகங்கள் எண்ணுவதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு இது பெரிய வசதி. வகுப்பில் நிஜமாகவே பாட்டு நடந்துகொண்டிருந்தால் அங்கே போய் உட்கார வேண்டும், காது கொடுக்க வேண்டும், ஆசிரியரிடம் பேச வேண்டும். நடக்காத ஒன்றை ஆராய்வதில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

முனைவர் பட்டத்துக்கென்று வரும் இந்த வகை ஆய்வேட்டின் அமைப்பு, துறைக்குள் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். "எட்டாம் வகுப்பு மாணவர்களின் கற்றல் அடைவில் இசையின் தாக்கம்" என்கிற தினுசில் ஒரு தலைப்பு. நெறியாளருக்குத் தெரிந்த தாளாளர் நடத்தும் ஒரு பள்ளிக்கூடம். முப்பது பிள்ளைகள் சோதனைக் குழு, முப்பது பிள்ளைகள் கட்டுப்பாட்டுக் குழு. முதல் முப்பது பேருக்கு முன்தேர்வு, அப்புறம் சில வாரம் பாட்டு, அப்புறம் பின்தேர்வு. மற்ற முப்பது பேருக்கு இரண்டு தேர்வு மட்டும் உண்டு, பாட்டு கிடையாது. கட்டுப்பாட்டுக் குழுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நினைத்து யாரும் உருக வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் யாரும் ஒப்புதல் கடிதம்கூட வாங்கவில்லை.

பிறகு டி-மதிப்பு போடுவார்கள். 0.05 மட்டத்தில் வேறுபாடு குறிப்பிடத்தக்கது என்று வரும். வராவிட்டால் வரவழைக்கப்படும். பாட்டுக் கேட்டால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று மறுபடியும் ஒருமுறை நிரூபணமாகும். பாட்டுப் படித்தால் பாட்டு வருமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இசை தன்னளவில் படிக்கத் தகுந்தது என்று நம்பியிருந்தால், கணக்கு மார்க்கிடம் போய் அதற்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஐந்தாம் இயல்தான் உச்சம். முடிவுகளும் பரிந்துரைகளும். "அனைத்துப் பள்ளிகளிலும் முழுநேர இசை ஆசிரியரை அரசு நியமிக்க வேண்டும்" என்பது தவறாமல் இடம்பெறும் பரிந்துரை. பக்கத்தைப் புரட்டினால் மேலாய்வுக்கான பரிந்துரை: "இதே ஆய்வை வேறு மாவட்டங்களிலும் மேற்கொள்ளலாம்." முதல் பரிந்துரையை அரசு படிப்பதில்லை. இரண்டாவதை அடுத்த ஆய்வாளர் படித்துவிடுகிறார்.

அப்புறம் பைண்டிங், தங்க எழுத்து, வாய்மொழித் தேர்வு, சால்வை, மதியச் சாப்பாடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. இந்தப் பத்து சதவீதத்துக்குள் ஆய்வேட்டை அடக்குவதற்குள் ஆய்வாளருக்கு உயிர் போய்விடுகிறது. மாயாமாளவகௌளையின் ஆரோகண அவரோகணத்தை எழுதினால் மென்பொருள் சிவப்புக் கோடு போடும். வாக்கியத்தை மாற்றிப் பார்க்கலாம், ஸ்வரத்தை மாற்ற முடியாதே! இத்தனை பாடுபட்டுப் பிறந்த ஆய்வேடு சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. எழுப்ப ஆள் வருவதில்லை.

ஐந்தாம் இயலில் மட்டுமே வாழ்கிற அந்த முழுநேர இசை ஆசிரியரை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் உயிரோடு இருக்கிறவரைக் கொஞ்சம் பார்ப்போம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அவரைப் பற்றிப் பேசுகிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழில் அனுபவத்துக்கும் பயிற்றுநர் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. எப்படிப்பட்ட பயிற்றுநர்? பகுதி நேரப் பயிற்றுநர். கணக்குக்கு முழு ஆள், கலைக்கு அரை ஆள் என்று நாடாளுமன்றமே தீர்ப்பு எழுதிவிட்டது. தமிழ்நாடு அந்தத் தீர்ப்பை 2012இல் சிரமேற்கொண்டு நிறைவேற்றியது. மொத்தம் 16,549 பகுதி நேர ஆசிரியர்கள். உடற்கல்விக்கு 5,392, ஓவியத்துக்கு 5,253, தொழிற்கல்விக்கு 5,904. இதில் இசை எங்கே என்று தேடாதீர்கள். தையல், கணினி, தோட்டக்கலை, கட்டடக்கலை எல்லாவற்றோடும் சேர்த்து அந்தத் தொழிற்கல்வி மூட்டைக்குள் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தமிழை இயல், இசை, நாடகம் என்று மூன்றாகப் பிரித்த நாடு, இசையைக் கத்தரிக்கோலுக்கும் கடப்பாரைக்கும் நடுவில் உட்கார வைத்தது.

தொடக்கத்தில் சம்பளம் ரூ.5,000. வேலை வாரத்துக்கு மூன்று அரை நாள். மே மாதம் சம்பளம் தரவில்லை. கோடை விடுமுறையில் ஆசிரியருக்கும் குடும்பத்துக்கும் பசி எடுக்காது என்பது பள்ளிக்கல்வித் துறையின் சொந்தக் கண்டுபிடிப்பு. முன்தேர்வும் இல்லை, பின்தேர்வும் இல்லை, நேரடியாக அமலுக்கு வந்த ஒரே ஆராய்ச்சி முடிவு அதுதான். ஐயாயிரத்தில் தொடங்கிய தொகை 2021இல்தான் பத்தாயிரத்தைத் தொட்டது. அரைச் சம்பளத்தில் அமர்த்தியது ஒரு கட்சி. நிரந்தரம் செய்வோம் என்று அதே 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆம் வாக்குறுதியாக எழுதிக் கொடுத்தது இன்னொரு கட்சி. அந்தக் கட்சி ஆட்சியின் ஐந்தாம் ஆண்டிலும் இந்த ஆசிரியர்கள் நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்து வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். சுருதி சேர்ந்து அவர்கள் பாடியதை ஊர் கேட்டதில்லை. குரல் சேர்ந்து கத்தியதைத்தான் கேட்டிருக்கிறது.

முழுநேரப் பணி வரவே இல்லையா என்றால், வந்தது. 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. மொத்தம் 1,325 இடம், அதில் இசைக்கு 86. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கின்றன. மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்குத்தான் முழு ஆள் போட்டிருக்கிறார்களே.

அந்தப் பகுதி நேர டீச்சர் பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறார்? பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் பிள்ளைகளின் ஆதார் எண்ணை ஏற்றுகிறார். அறிவியல் டீச்சர் பயிற்சிக்குப் போன நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறார். ஆண்டு விழா வந்தால் சேலை மடிப்பைச் சரிசெய்கிறார். முதன்மைக் கல்வி அலுவலர் வருகிறார் என்றால் மட்டும் அவர் திடீரென்று இசை ஆசிரியர் ஆகிவிடுவார். வரவேற்புப் பாடல் வேண்டுமே. அலுவலரின் கார் கிளம்பியதும் பழையபடி ஆதார் எண்.

இவருடைய வேலை நாளைப் பற்றி, இவர் கையிலுள்ள நேரத்தில் எதைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதைப் பற்றி ஆராய்வதுதான் இசைக்கல்வி ஆராய்ச்சி என்று யாராவது நினைத்தால் அவருக்கு ஆய்வு முறையியல் தெரியாது என்று பொருள். அப்படிப்பட்ட தலைப்பைக் கொண்டுபோனால், "இதில் மாறிகள் எங்கே இருக்கின்றன?" என்று டாக்டரல் கமிட்டி கேட்கும்.

மாறிகள் பள்ளி மைதானத்தில் நிற்கின்றன. காலைக் கூட்டம் நடக்கும்போது போய்ப் பாருங்கள்.

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்து அரசாணை வந்தது. நல்ல அரசாணை, கிண்டலாகச் சொல்லவில்லை. முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிக்குள் பாட வேண்டும். பொது நிகழ்ச்சிகளில் ஒலித்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும். பண் சொன்னார்கள், நடை சொன்னார்கள், விநாடி சொன்னார்கள். பயிற்சியை யார் கொடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. தமிழ்த்தாயே இறங்கி வந்து கொடுப்பாள் போலிருக்கிறது.

ஒரு நடுத்தரமான அரசு மேல்நிலைப் பள்ளி. மைக்கின் முன்னால் சமூக அறிவியல் டீச்சர். குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக அவரை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் தன் தொண்டைக்குத் தோதான ஐந்தரைக் கட்டையில் எடுக்கிறார். முன் வரிசையில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பையன்களும் சமாளித்துவிடுகிறார்கள். சிக்கல் ஒன்பதாம் வகுப்பு வரிசையில். மகரக்கட்டு உடைகிற வயது. மேலே போகவும் முடியாது, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பிடிக்கவும் இன்னும் தெரியாது. முதல் அடியில் ஒருவனுடைய குரல் பிளந்து பிசிறும், பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான், பி.டி. வாத்தியார் அவன் பின்மண்டையில் ஒன்று வைப்பார். அடுத்த நாளிலிருந்து அந்த வரிசை முழுக்க உதடு மட்டும் அசையும். மேல் ஸ்தாயி வரும் இடத்தில் மட்டும் பழிவாங்கும் விதமாக எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். 55 விநாடி எப்போதோ கடந்துவிட்டிருக்கும்.

நூற்றுக்கணக்கான பையன்கள் "எனக்குப் பாட வராது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரு காலை நேரம்தான். வராமலில்லை. அவனுக்குப் பொருந்தாத கட்டையில், குரல் மாறுகிற வயதில், மண்டையில் அடித்து நிறுத்தினார்கள். எந்த வகுப்புக்கு எந்தக் கட்டையில் எடுப்பது, ஆணும் பெண்ணும் கலந்த வரிசைக்கு என்ன செய்வது, குரல் உடைகிற பையனுக்கு எந்த நாலு ஸ்வரத்துக்குள் பாட்டு அமைய வேண்டும்? இதுதான் ஆராய்ச்சிக் கேள்வி. அமெரிக்காவில் ஜான் குக்சி என்பவர் 1977இலேயே பையன்களின் குரல் மாற்றத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தூரம் பாட முடியும் என்று எழுதி வைத்தார். நம் பிள்ளைகளுக்கு அதை அளந்து, ஒரே ஒரு தாளில் அச்சடித்து, தலைமையாசிரியர் அறையில் ஒட்டியிருக்கலாம். அதற்கு முனைவர் பட்டம் கிடைக்காது. "தியாகையர் கிருதிகளில் பக்தி நெறி"க்குக் கிடைக்கும்.

இசை ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது இங்கே யாருக்கும் தோன்றாத விஷயமும் இல்லை. சென்னை மியூசிக் அகாடமி 1931லேயே இசை ஆசிரியர் கல்லூரி தொடங்கி, டைகர் வரதாச்சாரியாரை முதல்வராக உட்கார வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறைத் தலைவராக இருந்த பி. சாம்பமூர்த்தி, மாணவர் கையில் கொடுக்கும்படியாகப் படிப்படியான பாடநூல்களை எழுதிக் குவித்தார். அவருக்குப் பிறகு வந்தவர்களில் பலர், அவர் எழுதிய பாடநூல்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார்கள். பாடநூலை மட்டும் எழுதவில்லை.

2022 முதல் அரசு கலைத் திருவிழா நடத்துகிறது. பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போட்டி. வென்றவருக்குக் கலையரசன், கலையரசி பட்டம். பிள்ளைகள் மேடையேறிப் பாடும்போது கண் கலங்கத்தான் செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டால் தமிழ் ஐயாவும் யூடியூபும். விதைக்காமல் அறுவடைத் திருவிழா கொண்டாட உலகத்திலேயே நமக்குத்தான் தெரியும்.

சரி, ஆராய்ச்சி முடிவு வகுப்பறைக்குப் போய்ச் சேருவதே இல்லையா? சேருகிறது, விற்க முடிந்தால். 1993இல் கலிஃபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொசார்ட் கேட்க வைத்தார்கள். இடம், வடிவம் சார்ந்த ஒரு புதிரைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் கால் மணி நேரத்துக்குள் கரைந்துபோனது. நேச்சர் இதழில் வந்தது அவ்வளவுதான். கைக்குழந்தை எதுவும் அந்தப் பரிசோதனையில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டு பட்ஜெட் போட்டார். மறு ஆண்டே கிறிஸ்டோபர் சாப்ரிஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அந்த விளைவு ஒன்றுமில்லாத அளவுக்குச் சிறியது என்று எழுதினார். அது யார் காதிலும் விழவில்லை. இன்றைக்கும் நம் ஊர்த் தனியார் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரத்தில் கீபோர்டு வகுப்பு "மூளை வளர்ச்சிக்கு" என்றுதான் போடுகிறார்கள், தனிக் கட்டணத்தோடு. கலிஃபோர்னியாவிலிருந்து வேளச்சேரிக்கு ஆராய்ச்சி வந்து சேர்ந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பக்கத்துத் திருவல்லிக்கேணிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

அந்த வழியை அடைப்பதற்கென்றே கருத்தரங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். "ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கம்." மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் வந்து, "நான் பேசுவது கேட்கிறதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டால் பன்னாடு ஆகிவிடும். பதிவுக் கட்டணம் கட்டினால் கட்டுரை ஐ.எஸ்.பி.என். எண்ணோடு புத்தகத்தில் வரும். வராதவருக்கும் சான்றிதழ் வீட்டுக்கே வரும். இசைக்கல்வி பற்றிய கருத்தரங்கின் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிப்பெட்டியிலிருந்து ஒலிக்கும். மேடையில் ஆறு இசைப் பேராசிரியர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்த அரங்குக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வர வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். அவர் வந்தால் என்ன பேச விடுவார்கள் என்பது வேறு விஷயம். பேச விடுவார்கள், நன்றியுரை.

ஏழாம் வகுப்பு பி பிரிவில் கடைசி பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் ஆரம்பித்துவிடுவான். உள்ளங்கையால் பலகையில் ஒரு அடி, பேனா மூடியால் விளிம்பில் இரண்டு தட்டு. மும்மூன்றாக ஓடிக்கொண்டே இருந்து, நாலாவது சுற்றில் ஒரு தட்டை விழுங்கிவிட்டு, சரியாக அடுத்த அடியில் வந்து உட்காருவான். சபாவில் ஒருவர் இதைச் செய்தால் முன் வரிசை தலையாட்டும். இங்கே இதற்குச் 'சத்தம்' என்று பெயர். "யார்ரா அது? எந்திரி. வெளியே போய் முட்டி போடு."

அவனுடைய அப்பா பறையடிக்கிறவர். சாவுக்கும் அடிப்பார், கோயில் கொடைக்கும் அடிப்பார். அவரைத் தேடிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து போயிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார், தோலைத் தீயில் வாட்டும் விதத்தைப் படம் எடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். "பறையிசையில் தாளக் கூறுகள்" என்ற ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. வயது, சாதி, தொழில், ஊர் எல்லாம் இருக்கிறது. அந்த ஆய்வாளர் இப்போது டாக்டர். நாளைக்குப் பாடத்திட்டக் குழுவில் உறுப்பினராவார். பள்ளி இசைப் பாடத்திட்டம் எழுதச் சொன்னால், முதல் பாடம் சரளி வரிசை என்று கைநடுங்காமல் எழுதுவார். அப்பன் அடித்தது முனைவர் பட்டம், மகன் அடித்தது ஒழுங்கீனம். முட்டி போட்டுக்கொண்டிருக்கும் பையனுக்கும் தன் பின்னிணைப்புக்கும் ஒரு உறவு உண்டு என்று அந்த டாக்டருக்குத் தோன்றாது. அது இலக்கிய மீள்பார்வை இயலில் வராது அல்லவா?

இங்கிலாந்தில் லூசி கிரீன் என்ற பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். பாப் இசைக் கலைஞர்கள் யாரிடம், எப்படிக் கற்றார்கள் என்று அவர்களிடமே கேட்டு, 2001இல் புத்தகம் போட்டார். பதில் எளிமையானது. பிடித்த பாட்டைக் காதால் கேட்டு, சிநேகிதர்களோடு சேர்ந்து, தப்பும் தவறுமாக வாசித்து வாசித்துக் கற்றுக்கொண்டார்கள். கேட்டதோடு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அதை அப்படியே பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுபோய், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பாட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்துக் கற்கும்படி ஆசிரியர்களோடு சேர்ந்து செய்து பார்த்து, 2008இல் அடுத்த புத்தகத்தை எழுதினார். குறைகள் இருக்கலாம், சண்டை போட்டவர்களும் உண்டு. ஆனால் சண்டை வகுப்பறையில் நடந்ததைப் பற்றி இருந்தது. அமெரிக்காவிலும் 1953 முதல் ஒரு பெரிய இசைக்கல்வி ஆய்விதழ் உண்டு. ஆய்வு முடிவுகளை ஆசிரியருக்குப் புரிகிற பேச்சில் சொல்ல 1982இல் தனியாக இன்னொரு இதழைத் தொடங்கினார்கள். நம்மிடமும் ஆய்விதழ்கள் இருக்கின்றன. கட்டுரை போடப் பணம் கேட்பதை மட்டும் எல்லோருக்கும் புரிகிற பேச்சில் கேட்பார்கள்.

பாட்டு டீச்சர்களே, அடுத்த கல்வியாண்டிலும் ஒரு ஆய்வாளர் உங்கள் பள்ளிக்கு வருவார். கையில் கேள்வித்தாள் இருக்கும். "முழுமையாக உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் உடன்படவில்லை" வரை ஐந்து கட்டம். சங்கடப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். டிக் அடிக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியடில் ஏழாம் வகுப்பு பி பிரிவை அவரிடம் கொடுங்கள். சுருதிப்பெட்டி கிடையாது, செல்போனில் வைத்துக்கொள்ளட்டும். பக்கத்து வகுப்பிலிருந்து கணக்கு வாத்தியார் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் அவரே பதில் சொல்லட்டும். ஒரு நாள் போதாது, ஒரு பருவம் முழுக்க எடுக்கட்டும். ஒரே ஒரு பாட்டை, கடைசி பெஞ்சு உட்பட எல்லாரும் ஒரே சுருதியில் பாடும்படி செய்துவிட்டு, தன் கேள்வித்தாளைத் தானே திருத்தி எழுதிக்கொண்டு வரட்டும். அதற்கு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.